கொசுவைக் கொல்லாதது

கேப்டன் காட்டன் கால்வாய்,
வியாசர்பாடிப் பாலத்துக்குக் கீழே.
கையுறைக்கு மேல் கையுறை மாட்டி
ஒரு ஸ்பூன் சேறு எடுக்கிறேன்.
மருந்து டின்னை முதுகிலிருந்து இறக்கி
மாநகராட்சி தேசிங்கு எட்டிப் பார்க்கிறார்.
"தங்கம் கிங்கம் கீதா?"

அவர் டின்னுக்குள் இருப்பதும் பாக்டீரியாதான்.
கொசுப்புழு விழுங்கினால் குடல் ஓட்டையாகும்.
நான் தேடுவது அதன் பங்காளியை;
ஒரு பூச்சியையும் கொல்லத் தெரியாமல்
"உதவாது" என்று சீட்டு ஒட்டி
ஒதுக்கப்பட்டுக் கிடந்ததை.

அறுபத்திரண்டு புட்டி சேறு.
கொதிக்கச் சற்று முந்திய வெந்நீரில்
வித்தாய்ச் சுருண்டவை மட்டும் பிழைக்கும்.
பிறகு தாய்ச்செல் வெடித்துச் சாகும்போது
வித்து ஒரு பக்கம்,
படிகமாய் உறைந்த புரதம் ஒரு பக்கம்.
எதற்காக இதைச் செய்துவைத்தது
என்று யாருக்கும் தெரியாது.

காரத்தில் கரைத்து
நொதியால் வாலை நறுக்க வேண்டும்.
நறுக்கும்வரை அது விஷமில்லை,
முட்டை வெள்ளைக்கரு போல் ஒரு சாது.

எதிரே தொண்ணூற்றாறு குழித் தட்டில்
யாரோ ஒருவரின் ரத்தப்புற்றுச் செல்கள்.
அவர் எப்போதோ போய்விட்டார்.
இவை வாரம் மூன்று முறை
சோறு கேட்கின்றன.

சாயம் விட்டால்
உயிருள்ளது கத்திரிப்பூ நிறமாகும்,
செத்தது மஞ்சளாகவே நிற்கும்.

இருபத்தேழாம் நம்பர் புட்டி.
கரண்ட் போய் ஜெனரேட்டர் இருமி எழுந்த இரவு,
மூன்றாம் வரிசை முழுக்க மஞ்சள்.
பக்கத்துத் தட்டில் நோயில்லாத செல்கள்
கத்திரித் தோட்டம்.
சொல்ல ஆளில்லை.
வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுவாரமும் மஞ்சள்.
அதற்கடுத்த வாரம் பாதி ஊதா.
ஏன் என்று தெரியவில்லை.
அதையும் நோட்டில் எழுதினேன்.

மறுபடி பாலத்தடி.
தேசிங்கின் சைக்கிள் ஹேண்டிலில்
எக்ஸ்ரே உறை, மழைக்காக
அரிசிப் பைக்குள் போட்டுக் கட்டியது.
"கொசுவக் கொல்லுமா அது?"
"கொல்லாது."
"பின்ன இன்னாத்தக் கொல்லும்?"
சொன்னேன்.
ஏற்கெனவே இறுகியிருந்த டின் மூடியை
இன்னும் இறுக்கினார்.
"ஆஸ்பத்திரிக்கு எப்ப வரும்?"
"பத்து வருஷம். பதினஞ்சு.
வராமலும் போலாம்."

திருஷ்டிப் பூசணி ஒன்று
நீரில் முட்டிமுட்டிப் போனது.
அது பாலம் தாண்டும்வரை பேசவில்லை.

"மேலாப்புல அள்ளாதம்மா.
அல்லாம் பிளாஸ்டிக்கு.
ரெண்டு மொழம் கீழ போனா
கருப்பா வரும் பாரு"
என்று தன் நீளக் கம்பை
என் பக்கம் நீட்டினார்.