ஹெட்போனைத் திருப்பிப் போடுதல்

வலது காது ஏழு வயதில் போயிற்று.
சீழ் வடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பூட்டு.
திங்கள் திறந்தார்கள்.
திங்கள் பிந்திவிட்டது.

அதனால் சவரியான் சொல்லும் ஸ்டீரியோ
எனக்கு வெறும் வதந்தி.

நோர்வூட் சந்தியில் போன் திருத்துகிற கடை அவனுக்கு.
ப்ரொக்ரெசிவ் ரொக் என்றால் சோற்றை மறப்பான்.
பாட்டு ஒன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடும்,
பாடுகிறவன் வாய் திறக்கவே எட்டாகும்.
"பதிவைக் கேள், பதிவைக் கேள்" என்பான்;
பாட்டைக் கேள் என்று
ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்று மாத ஓவர்டைமில் வாங்கினேன்
புறக்கோட்டையிலிருந்து வந்த பழைய ஹெட்போன்.
பஞ்சு உரிந்தது, வயர் நல்லது.
சல்லடை அறையில் எட்டு மணிநேரம்
தூளும் இரைச்சலும் தின்ற பிறகு
இருக்கிற ஒரு காதைக் கழுவிக்கொள்கிற மாதிரி
போட்டுக்கொண்டு படுப்பேன்.

முதலில் பிடித்தது, அட்டையில் நீல நாரை நிற்கும் ஒன்று.
எழுபத்திரண்டில் பதிந்ததாம்.
அதில் டிரம் உருட்டல் இடப்பக்கம் கிளம்பும்,
சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது,
நடுவுக்கு வந்ததும்
வட்டவளை வளைவில் பனி விழுங்கிய ரயில்.
போன இடத்தையே பார்த்துக் காத்திருப்பேன்.
அடுத்த அடிக்குத் திரும்பிவிடும்,
நனையாமல்.

ஒருநாள் கரண்ட் போன இருட்டில்
ஹெட்போனை மாற்றிப் போட்டுவிட்டேன்.
அதே தட்டு. வேறு ஆட்கள்.
கித்தாரைக் காணோம்.
ஓர் ஆர்கன்,
இத்தனை காலமும் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்து
இன்றுதான் கதவைத் திறந்ததுபோல்
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.
ரயில் இந்தப் பக்கமாக வந்தது.
சுரங்கத்தின் மறுவாயில் நான்.

அன்றிலிருந்து எனக்கு ஒவ்வொரு தட்டும் இரண்டு.

சவரியானின் வரிசை வேறு.
எந்த வருடத்து அச்சு, எந்த நாட்டு அச்சு என்பான்.
புதிதாக மெருகேற்றி வருபவை எனக்கு ஆகாது:
ரகசியமும் கத்தலும் ஒரே உயரம்,
கவ்வாத்து வெட்டிய மலை மாதிரி.
ஜெர்மன்காரர்கள் பதிந்த ஒன்று உண்டு,
இடப்பக்கம் முழுக்க இயந்திரம், அது எனக்கு வேலைநாள்;
வலப்பக்கம் முழுக்கக் காற்று.
வலதை மட்டும் நூறு தடவை கேட்டிருப்பேன்.

அவன்தான் ஒரு யோசனை சொன்னான்.
போனில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம்,
தட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.
"உனக்கென்றே செய்த மாதிரி" என்றான், பாவம்.

தட்டிக் கேட்டேன்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
அடுப்பு, கட்டில், அம்மாவின் இருமல்,
தம்பியின் கணக்குப் பாடம், காயாத சீலை
எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று.
பிறந்ததிலிருந்து அதில்தானே இருக்கிறேன்.
வேண்டாம் என்றேன்.
எனக்கு அறைகள் வேண்டும்.
எனக்குத் தெரியாமல்
அடுத்த அறையில் யாராவது இருக்க வேண்டும்.

போன கிழமை இன்னொன்று கண்டுபிடித்தேன்.
நாரைத் தட்டு, வலப்பக்கம்,
பதினோராம் நிமிடம், ஆர்கன் அடங்குகிற இடம்:
யாரோ நாற்காலியை இழுக்கிறான்.
இருமலை விழுங்குகிறான்.

"இல்லவே இல்லை" என்றான் சவரியான்,
பதினைந்து வருடமாக அதைக் கேட்கிறவன்.
மூன்று தடவை கேட்டான், இரண்டு காதாலும்.
"இடதைக் கழற்று" என்றேன்.

கழற்றினான்.
கடையில் ஒரு பெண் உடைந்த போனோடு நின்றாள்,
வெளியே மஸ்கெலியா பஸ் ஹோர்ன் அடித்தது,
அவன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான்.
பிறகு என்னைப் பார்த்தான்,
சில்லறை தவறுதலாகக் கூடக் கிடைத்தவன் மாதிரி.

"இன்னும் என்னென்ன இருக்கு?"

சொல்லியிருப்பேன்.
ஃபெக்டரிச் சங்கு ஊதிவிட்டது.
நான் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும்
அது எனக்கு
இடப்பக்கத்திலிருந்துதான் வரும்.