விண்ணப்பப் பெட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
பெட்டியைத் திறப்பது என் வேலை.
சின்னப் பூட்டு. சாவி என் பர்சில்,
சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால்.

பெயர் எழுதியிருந்தாலும் பெயரை வாசிக்கமாட்டேன்.
அது எங்கள் சபையில் எழுதாத ஒப்பந்தம்.

அயனாவரத்தில் ஏழாம் நாளாக மழை.
சீட்டுகள்கூட நமுத்திருந்தன,
ஒவ்வொன்றாகப் பிரித்து
மைக்கில் வாசித்தேன்.

லோன் ஆப்காரன் அக்காவின் படத்தை
எல்லா நம்பருக்கும் அனுப்புவேன் என்கிறான்.
கேட்டருளும் ஆண்டவரே, என்றது சபை.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட். கீழ்ப்பாக்கம்.
அதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை போல.
கேட்டருளும் ஆண்டவரே.

ஏரியைத் திறந்தால் எங்கள் தெருவை நினைத்தருளும்.
மோட்டார் தரையில்தான் இருக்கிறது.
கேட்டருளும்.

கணக்கு மிஸ் மாற வேண்டும்,
பென்சிலில், இரண்டு முறை அடிக்கோடிட்டு.
பின்வரிசையில் யாரோ சிரிக்க
அதற்கும் கேட்டருளும்.

பதினோரு வருஷமாக வாசிக்கிறேன்.
நானாக ஒன்றும் போட்டதில்லை.
தபால்காரன் தனக்கே
கடிதம் எழுதிக்கொள்வானா?

இருபத்துமூன்று நாள் முன்பு
எஸ்டேட்டில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.
டீ கொடுத்தார்கள்.
பிறகு காகிதம் கொடுத்தார்கள்.

அதிலிருந்து தினமும் ஏழு பத்துக்கு
அதே சட்டை, அதே டப்பா.
வில்லிவாக்கத்தில் ஏறுவேன்.
அம்பத்தூர் வரும். இறங்கமாட்டேன்.
சீசன் அதுவரைதான் செல்லும்,
அதற்கப்பால் திருவள்ளூர் மட்டும் தேவ கிருபை.
கடைசி பெஞ்சில் எலுமிச்சைச் சோறு.
ஜெபித்தேனா என்றால்,
'ஆண்டவரே' வரைக்கும் வரும்.
மிச்ச வாக்கியத்தை
எதிரே போகும் ரயில் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அடியில் கிடந்தது ஒரு மளிகைச் சீட்டு.
உளுந்து அரைக்கிலோ. மிளகு ஐம்பது.
முந்திரி என்று எழுதி அடித்திருந்தது.
திருப்பினேன்.
'ற'வின் காலை இப்படி இழுப்பவள்
இந்தச் சபையில் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது.
அதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.
வேலையைப் பிறகு கொடும்.
முதலில் வாயைக் கொடும்.

ஹெலன் பாக்கியம்
தூண் ஓரம், மூன்றாம் பாயில்,
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
ஈரக் குடையின் கம்பியை
நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

முதல் வரி வாசித்தேன்.
இரண்டாம் வரியில்
'சொல்ல' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.
மைக் மட்டும் மூச்சு விட்டது.
விண்ணப்பம் முடிந்ததென்று நினைத்து
எண்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள்,
கேட்டருளும் ஆண்டவரே.

பாதி வாக்கியத்துக்கே பதில்.
மீதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஆயர் ஆசீர்வாதம் சொன்னதும்
ஒரே குடையில் நடந்தோம்.
ஷேர் ஆட்டோக்கள் சேற்றை வாரி இறைத்தன.
சிக்னல் வரை அவளும் பேசவில்லை, நானும்.
மூடிய மெடிக்கல் ஷாப் வாசலில் கேட்டாள்:
நாளைக்கு டப்பா கட்டணுமா?

வேண்டாம், என்றேன்.

இருபத்துமூன்று நாளில்
நான் பேசிய முதல் சொல் அது.

சரி, நெத்திலி வாங்கறேன், என்றாள்,
மழை விட்டா.

மழை விடுவதாக இல்லை.
ஐந்தாம் தேதி வாடகை இருக்கிறது.
ஏரி இன்றிரவு எத்தனை அடியோ.
தெருவிளக்கடியில்தான் பார்த்தேன்,
என் தோள் இரண்டும் காய்ந்திருந்தன.
அவள் இடப்பக்கம்
முந்தானை வரை சொட்டிக்கொண்டிருந்தது.
குடையை வாங்கி அவள் பக்கம் சாய்த்தேன்.

சீசன் இன்னும் ஒன்பது நாள் செல்லும், என்றேன்.
பார்த்தேன், என்றாள்.