அனுமதிக்கப்பட்ட வழு

முப்பதாம் கிழமை.
ஜெல் பூசின வயிறு சில்லிட்டுக் கிடக்க
டொக்டர் நிரஞ்சலா திரையில் ஒரு சிலுவை வைத்தார்,
கொஞ்சம் யோசித்து இன்னொன்று.
நடுவே புள்ளிக்கோடு ஓடியது.
"தொடையெலும்பு, ஐம்பத்து மூன்று."
மில்லிமீற்றரோ என்று நான் கேட்கவில்லை.
அலகுகள்தான் எனக்குச் சம்பளம்.

சுன்னாகம் சந்தையில் தராசு பரிசோதிக்கிறவள் நான்.
என் பெட்டிக்குள் பித்தளைப் படிக்கற்கள்
சிவப்பு வெல்வெற்றில் படுத்திருக்கும்.
வெறுங்கையால் தொடக்கூடாது,
வியர்வைக்கும் எடை உண்டு.
கருவாட்டுக்காரர் குலநாயகத்தின் தட்டுக்கு அடியில்
ஒருநாள் பழப்புளி ஒட்டியிருந்தது, நெல்லிக்காயளவு.
"அது தானா ஒட்டினது, மிஸ்."
தண்டம் எழுதினேன்.

தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, எலும்பு,
மூன்றையும் மென்று விழுங்கிய இயந்திரம்
ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம் என்றது.
"சரியாயிருக்குமோ டொக்டர்?"
"பதினைஞ்சு வீதம் முன்னப்பின்ன இருக்கும்."

பதினைஞ்சு வீதம்!
இப்படியொரு தராசைச் சந்தையில் கண்டிருந்தால்
அந்த இடத்திலேயே பறிமுதல் செய்து
ஓட்டோவில் ஏற்றியிருப்பேன்.

கிளினிக் கொப்பியில் வளைகோடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிப் போகின்றன.
என் பிள்ளையின் புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே.
பேனை முனை கொஞ்சம் தடித்திருந்தால்
கோட்டிலேயே விழுந்திருக்கும்.

"நீ கட்டைதானே, பிள்ளையும் கட்டையாயிருக்கும்"
என்றார் யசோதரன், முட்டை உரித்துக்கொண்டு.
நல்ல மனுசன்.
ஆனால் அது ஆறுதல், அளவு இல்லை.
அன்றைக்கு நாலாவது முட்டை.

நாளைக்கே திரும்ப அளக்கலாமா என்று கேட்டிருந்தேன்.
கூடாதாம். இரண்டு கிழமை போகவேணுமாம்.
அதற்கு முன் அளந்தால்
பிள்ளை வளர்ந்ததைவிட
அளந்த கை அசைந்ததுதான் பெரிதாய்த் தெரியுமாம்.

இரவு முழுக்க அதை யோசித்தேன்.
பிழையான தராசையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது.
அதே கை, அதே இயந்திரம், அதே பிழை என்றால்
கழித்துப் பார்க்கையில் பிழை பிழையோடு போய்விடும்,
வளர்ந்தது மட்டும் மிஞ்சும்.
படிப்பித்தது என் திணைக்களம்தான்.
இருந்தும் நித்திரை வரவில்லை.

ஒன்பதாம் நாள், அதே சந்தை.
மேசையோடு வயிறு முட்ட நின்று
குலநாயகத்தின் புது டிஜிற்றல் தராசைப் பார்க்கிறேன்.
தட்டில் ஒன்றுமில்லை.
கடைசி இலக்கம் அசைகிறது:
சைபர். இரண்டு. சைபர்.
திரும்பவும் இரண்டு.
"காத்து, மிஸ்" என்றார் அவர் அவசரமாய்.
தண்டத்துக்குப் பயந்த முகம்.
மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தேன்.
சைபர்.
கிட்டப் போனேன்.
அறிக்கையில் 'குறைபாடில்லை' என்று எழுதும்வரை
அங்கேயே சாய்ந்து நின்றேன்,
தேவைக்கு அதிகமாகவே.

முப்பத்திரண்டில் ஆயிரத்து நானூற்றித் தொண்ணூறு.
முப்பத்து நாலில் கோடு சோம்பியது.
நுரையீரல் பழுக்கவென்று இடுப்பில் ஊசி போட்டார்கள்.
கொடிக்குள் இரத்தம் ஓடுகிற சத்தத்தை
ஒலிபெருக்கியில் விட்டார் டொக்டர்,
மழைக்குள் யாரோ சைக்கிளில்
மூச்சிரைக்க வருவது போல.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
முப்பத்தாறில் திரை இரண்டாயிரத்துப் பத்து என்றது.
"காணும், எடுப்பம்" என்றார்.

பெரியாஸ்பத்திரித் தியேட்டர்.
நெஞ்சுக்குக் கீழே நான் இல்லை.
தலையைத் திருப்பினால் தெரிகிற தூரத்தில்
ஒரு தராசு, அதன்மேல் பச்சைத் துணி,
துணிமேல் கத்திக்கொண்டு அவள்.
இரண்டாயிரத்து நூற்று அறுபத்தைந்து.
திரை சொன்னதிலும் நூற்றைம்பத்தைந்து கூட.

கண் தன் பழக்கத்தில் கீழே இறங்கியது.
தராசின் மூலையில் முத்திரைத் தாள், போன வருடத்தது.
ஓரம் சுருண்டு, மை மங்கி.
அதிலிருந்த சுருக்கொப்பம் என்னுடையது.
காலாவதியாகி ஐந்து மாதம்.
சட்டப்படி அந்த எடை செல்லாது.

தாதி பேனையோடு என்னைப் பார்த்தாள்.
"எழுதுங்கோ" என்றேன்.