ஏற்றத்துக்கு ஒன்று

தெலுக் பிளாங்கா, பத்தாம் மாடி.
ரோஹாயாவின் கதவோரம் வலையும் இல்லை, சங்கும் இல்லை.
பேரனின் சைக்கிள். பழைய ரைஸ்குக்கர் சட்டியில்
நிலவேம்பு.
ஹெம்பெடு பூமி என்கிறாள். மண்ணின் பித்தம்.
கிள்ளித் தந்தாள், மென்றேன்.
எந்தப் பெயரில் மென்றாலும் கண்ணில் நீர் வரும்.

வாரம் இருமுறை அவள் காலுக்குக் கட்டு மாற்றுகிறேன்.
பலதுறை மருந்தகக் கணினியில்
அவள் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்து:
மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை.
எண்ணிப் பார்த்தேன். நாளுக்கு இரண்டு,
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

எத்தனை மணிக்கு?
"நேற்று எட்டேகால். இன்று ஒன்பது. நாளை பத்துக்குக் கிட்ட.
மணிக்கு இல்லை, மிஸ்ஸி. பாசாங்."

என் காதில் 'பாசாங்கு' என்று விழுந்தது.
நடிக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.
அவள் சன்னலைக் காட்டினாள்:
இரண்டு புளோக்குக்கு நடுவே
விரல் அகலத்துக்குக் கடல்,
ஏறிக்கொண்டிருந்தது.

"உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?"
இனிப்பு நீர், என்றேன்.
"அது எங்களுடையதுதான், கெஞ்சிங் மானிஸ். வேறு இல்லையா?"
நீரிழிவு.
நீர், தண்ணீர். இழிவு,
கீழே இறங்குவது.
"சூருட்!" தொடையில் தட்டினாள்.
"வற்றம்! தெரிந்துகொண்டேதான் என்னிடம் கேட்கிறாயா?
நீர் இறங்கும் நோய்க்கு
நீர் ஏறும்போதுதானே மருந்து?"

இருபது வருடமாக அந்தச் சொல்லை
லேபிளில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

அவள் தம்பி சாபுடின் சோபாவிலிருந்து கத்தினான்:
"கடலும் இல்லை, ஒன்றும் இல்லை.
தினமும் நாலு குவே லாப்பிஸ். அதை எழுது, மிஸ்ஸி."

போன வாரம் ஏற்றம் விடிகாலை மூன்றுக்கு.
வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறாள்.
வேர்த்து, கை நடுங்கி, குளியலறைத் தரையில்.
தம்பி கண்டெடுத்துப் பால்டின்னைத் திறந்து
கரண்டியால் ஊட்டியிருக்கிறான்.
மாத்திரை சோற்றோடு, என்றேன். கறாராக.
"சரி. அப்போ சோற்றை நகர்த்துகிறேன்."
மூன்று மணிக்கா?
"மீன் எப்போது சாப்பிடுகிறது என்று நினைத்தாய்?"

கட்டை அவிழ்த்தேன். காமாட் எண்ணெய் வாசம்.
துடைத்தேன். அவள் தடுக்கவில்லை.
பாறைத் திட்டில் சிப்பி கிழித்தது;
வீடு வந்து, ரத்தத் தடம் பார்த்துத்தான் தெரிந்ததாம்.
வெறுங்காலோடு போகாதீர்கள்.
"பூட்ஸ் போட்டால் கால் குருடு, மிஸ்ஸி.
கால் பார்க்காமல் கடலில் எப்படி நடப்பது?"

கண்ணை மூடச் சொல்லி
தங்கூசி போன்ற இழையால்
பாதத்தில் பத்து இடம் தொட்டேன்.
மூன்றுக்கு ஆம் என்றாள்.
மீதிக்குக் காத்திருந்தாள்.
"இன்னும் தொடவில்லையா?"

முடிந்துவிட்டது, என்றேன்.

சாபுடின் டிவியின் ஒலியைக் குறைத்தான்.
அவள் கண்ணைத் திறக்கச் சற்று நேரமானது.
பிறகு, தம்பியின் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவரச் சொல்லி
உள்ளே கைவிட்டுத் துழாவினாள்.
இரண்டு அளவு பெரிது.

மருந்தாளர் ஃபோனில் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, வேறு மாத்திரை இருக்கிறது,
மயங்க வைக்காது, டாக்டரிடம் கேட்கிறேன் என்றார்.

சிவப்பு எழுத்தை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
படிவத்தின் கடைசிக் கட்டம்: மற்றவை.
பெரும்பாலும் கோடு போட்டுவிடுவேன்.
எழுதினேன்:
நாளை ஏற்றம் 9.50. சோற்றோடு.
காலுறை, தடிமனாக, இரண்டு ஜோடி.