அன்னத்துக்கு என்ன ஆச்சு

பத்து, ஒன்பது, எட்டு என்று
மூன்று வரைக்கும்தான் குரல்.
இரண்டும் ஒன்றும் வெறும் விரல்கள்,
அதற்குள் மைக் திறந்துவிடும்.
பதினோரு வருடம்
என் ஆள்காட்டி விரல் மடங்கிய இடத்தில்
மோரீன் திர்கெட்டில் சிரிக்கத் தொடங்கினாள்.

நாரிச் நகரம், மாலை ஆறு மணிச் செய்தி.
பன்றிச் சந்தை விலை, கடலரிப்பு,
பாதிரியார் தோட்டத்தில் காய்த்த ராட்சதப் பரங்கி.
மேசைக்கு மேலே முத்துமாலை, மடிப்புக் கலையாத காலர்.
மேசைக்குக் கீழே
அண்ணனுடைய பழைய ரப்பர் பூட்ஸ்,
சைக்கிள் மிதித்து வந்த சேறோடு.
அந்தப் பாதி
ஸ்டுடியோவில் எங்கள் எட்டுப் பேருக்குத்தான் தெரியும்.

எழுபத்தாறு, நவம்பர்.
படச்சுருள் சிக்கிக்கொண்டது.
கண்ணாடி அறையிலிருந்து இயக்குநரின் கெட்ட வார்த்தைகள்
என் காதுக்கு மட்டும்.
இழு, இழு என்று இரு கையாலும் காட்டினேன்,
சூயிங் கம்மை இழுப்பதுபோல.

தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
'இன்று காலை ரயிலில்
எனக்கு எதிரே ஒரு கிழவர்.
மடியில் நிலக்கரிச் சாக்கு.
சாக்கிலிருந்து நீண்டது ஓர் அன்னத்தின் கழுத்து.
இருவரும் ஜன்னல் வழியே
ஒரே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பரிசோதகர் வந்தார்.
கிழவர் இரண்டு டிக்கெட் நீட்டினார்.'

இரண்டு நிமிடம், பத்து விநாடி.
எந்த நிலையத்தில் இறங்கினார்கள் என்பதற்குள்
சுருள் ஓடத் தொடங்கிவிட்டது.

நான் பூட்ஸைப் பார்த்தேன்.
சேறு காயவில்லை.
ரயிலா?

வியாழனுக்குள் நானூறு கடிதங்கள்.
அன்னத்துக்கு என்ன ஆச்சு?
ரொட்டி வாங்கிப் போடச் சொல்லி
ஒருத்தி ஐம்பது பென்ஸ் வைத்திருந்தாள்.
நடந்ததா என்று மேலிடம் கேட்டது.
இல்லை என்றாள்.
மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்; கேட்டாள்,
குறையே இல்லாத உச்சரிப்பில்.
கிறிஸ்துமஸுக்கு முன் வேலையை விட்டாள்.
ஐம்பது பென்ஸை என்ன செய்தாளோ.

அப்புறம் எழுத்து.
மீன்பிடிக் குடும்பம் ஒன்று, எட்டு வாரம்.
லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் ஒரு கொலை.
விவாகரத்துகள், நிறைய.
படப்பிடிப்பில் அவளை யாருக்கும் தேவைப்படவில்லை.
டீ வண்டிக்குப் பின்னால் மழையில் நிற்பாள்.
பாதி வசனத்தை நடிகன் விழுங்குவான்.
விழுங்கியதை இங்கே
அவள் உதடு சொல்லி முடிக்கும்.
கடைசியில் பெயர் வரும், ஒன்றரை விநாடி.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்,
தொழில் விட்டாலும் விரல் விடுவதில்லை.

போன மார்ச்சில் க்ரோமர் போயிருந்தேன்.
இரண்டாவது மாடி. கடல் தெரியாத பக்கம், வாடகை குறைவு.
விருது ஒன்று கதவை மூடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.
பிஸ்கட் நமத்திருந்தது.
நாற்பது வருடம் கேட்காததைக் கேட்டேன்.

'நீயுமா?' என்றாள்.
கப்பை வைத்தாள். முதுகை நிமிர்த்தினாள்.
என் கை தானாக எழுந்தது.
ஐந்து, நான்கு, மூன்று.
பிறகு விரல்.
பிறகு விரல்.

இந்த முறை சிரிக்கவில்லை.
'டிஸ் நிலையத்தில்
கிழவர் மட்டும்தான் இறங்கினார்' என்றாள்.