சீனி போடாத டீ

மருந்தை ஐஸில் புதைக்காதே, உறைந்தால் வீண்,
குளிர்ச்சியாக இருந்தால் போதும் என்றாள் மதுரையில் நர்ஸ்.
மண்டபத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம்
உறைந்த குளிர்ச்சி.
நண்டு கம்பெனியில் காலை ஆறு மணிக்கே
பாளம் பாளமாய் லாரியிலிருந்து இறங்கும்.
விரல் மரத்துவிடும். ஓடு கீறிய இடம்
மத்தியானம்தான் எரியத் தொடங்கும்.

உறையாத குளிர்ச்சி
சீனிமுகமது அண்ணன் டீக்கடையில் இருந்தது,
பால் பாக்கெட்டுக்கும் பன்னீர் சோடாவுக்கும் நடுவில்.
என்ன மருந்தும்மா?
சுகருக்கு, என்றேன்.
இருபத்தேழு வயசிலேயா என்று
என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார்.
அன்றிலிருந்து என் டீயில் சீனி இல்லை,
பேரிலேயே சீனி வைத்திருக்கிற மனிதரின் கடையில்.

பத்து நாள் ஊசி. தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி.
கிளாட்வின் கடலுக்குப் போன இரவுகளில் நானே.
கரையில் இருந்தால் அவன்.
வலை பொத்துகிற கை, அதற்கு நடுங்கியது.
நமக்கு ஒண்ணும் இல்லையே? என்று கேட்டான் ஒருநாள்.
எதைக் கேட்கிறான் என்று விளங்காமல்
இல்லை என்றேன்.

விண்ணப்பத்தில் உயரம் கேட்டார்கள், நிறம் கேட்டார்கள்,
முடி சுருட்டையா நேரா என்று கேட்டார்கள்.
என் முகத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு
மாநிறம் என்று எழுதினாள் ஒருத்தி.
யாராவது வழுக்கி விழுந்தால்
முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் ஓடுவேன்,
கச்சான் காற்று திரும்புவதற்கு முதல் நாளே
எனக்குக் காது அடைத்துக்கொள்ளும்,
இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
இதுவும் சேர்ந்து போகுமா என்று கேட்கவில்லை.
ஜெனிலாவுக்குப் போயிருக்கிறது.

சினை நண்டு கலந்து வந்தால்
சூப்பர்வைசர் திட்டுவார்:
கடலிலேயே விடச் சொன்னேனா இல்லையா?
திட்டி முடித்து
தராசில் வைப்பார்.

ஸ்கேன் திரையில் கறுப்புக் குமிழிகள்.
இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஆறு.
ஏழுக்கு மேல் எடுக்கச் சட்டம் இல்லை என்றார் டாக்டர்.
மீதி?
கரைந்துவிடும்.
மாதாமாதம் கரைவதுதானே என்று
எனக்காக அவரே சமாதானம் சொன்னார்.
நான் கேட்டது அதற்கில்லை. பதினொன்றில் ஏழு
எந்த ஏழு என்று
யார் முடிவு செய்வார்கள்?
அதற்குள் மயக்க மருந்து ஏறிவிட்டது.

யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள்.
திரும்பும்போது லிப்டில் ஒருத்தி
பூப்போட்ட பையை மார்போடு அணைத்துக்கொண்டு
என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.
அவளாக இருக்கலாம்.
கேன்டீனில் வேலை பார்ப்பவளாகவும் இருக்கலாம்.

பரமக்குடி அக்கா கொடுத்த கவரின் மேல்
பயணப்படி என்று எழுதியிருந்தது.
பாசஞ்சர் டிக்கெட் விலையில் வகுத்துப் பார்த்தேன்,
சாகிறவரைக்கும் மதுரைக்குப் போய்வரலாம்.
ஜன்னலோரம் ஒருக்களித்து உட்கார்ந்து
வயிற்றுக்குள் இழுக்கிற இடத்தைக் கையால் மூடிக்கொண்டு
உச்சிப்புளி தாண்டும்வரை
அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

எஞ்சின் தவணை இரண்டு அடைந்தது.
மீதியில் பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கலாம் என்றான் கிளாட்வின்.
இப்போது எதை வைக்க?

கடல் இல்லாத ஏதோ ஒரு ஊரில்
ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழக்கூடும்.
டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.
டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லையே என்பார்.
மறுநாள் இங்கே காற்று திரும்பும்.
அல்லது ஏழில் ஒன்றுகூடத் தங்காமல் போயிருக்கும்.
தெரிவிப்பதில்லை என்பதற்கும்
நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஊசி நின்றுபோச்சு அண்ணே, சீனி போடுங்க, என்றேன்.
சுகர் அப்படியெல்லாம் நிக்காதும்மா,
நம்ம ஏமாந்த நேரம் பார்த்து வரும், என்று
கரண்டியை டப்பாவிலேயே போட்டு மூடினார்.
எட்டு மாதம் ஆகிறது.
அவர் வெளியூர் போகிற நாள்களில் மட்டும்
மகன் கடையில் நிற்பான், சீனி போட்டுத் தருவான்.
பாதி குடித்து வைத்துவிடுகிறேன்.