சந்தைக் கூரையும் ஒரு மேடும்

காரூவில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
டர்பனிலிருந்து பதினொரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்
மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளியில்
நான்கு ஆன்டெனா நட்டேன்.
நான்கும் ஒன்றையே கேட்டன.
நாலு பேர் கூடி ஒரே பொய்யைச் சொன்னாலும்
எங்கேயாவது ஒரு சொல் பிசகும்.
இவை பிசகவில்லை.
மூன்று காதுக்குப் போட்ட காசு மண்ணில்.

"வானம் இவ்வளவு சுத்தமா இருந்தா
உனக்குச் சோறு கிடையாது,"
கம்பியைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள் தெம்பேக்கா.

ஆகவே சாட்ஸ்வொர்த்.
சனிக்கிழமை காலை, பங்களாதேஷ் சந்தை.
தகரக் கூரையில், மினிபஸ்ஸின் முதுகில்,
ஈரம் சொட்டும் கொத்தமல்லிக் கட்டில்,
மடும்பிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால்
ஆடிக்கொண்டிருந்த தராசுத் தட்டில்
மோதி, ஒடிந்து, சுணங்கி, வழி தவறி
வந்து சேர்ந்தது என் அலை.
ஆன்டெனாவுக்கு ஒரு கதை.
ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நான்கு சாட்சியம்.
ஒத்துப்போகாததால்தான்
ஒரே அலைவரிசையில் ஒரே நொடியில் அனுப்பிய
நான்கு செய்தியையும் பிரித்தெடுக்க முடிந்தது.

மிளகாய் விற்ற பூங்கொடி நாயக்கர்
முக்காலியைச் சுற்றி வந்து கேட்டார்:
"போலீஸ் கேமராவா?"
"இல்லக்கா. உங்க கூரை எனக்கு
எவ்வளவு உதவுதுன்னு அளக்கிறேன்."
"அது ஒழுகுது," என்றார்.

வீட்டில் யுகேந்திரன்.
அவன் தேடுவதை யாரும் கண்ணால் கண்டதில்லை.
நான்கு குவார்க் கூடிய விநோதத் துகள்;
ஒளி ஓர் அணுக்கருவைக் கடக்கும் நேரத்தில்
உடைந்து முடிந்திருக்கும்.
சிதறிய மகள்களைப் பிடித்து, கூட்டி,
தாயின் எடையைக் கணக்கிடுவான்.
ஆயுள் குறையக் குறைய எடையும் கலங்குமாம்.
நெடுநாள் வாழ்வது வரைபடத்தில் ஊசியாய் நிற்கும்,
கொஞ்சமே வாழ்ந்தது
பரந்த மேடாய்ப் படுத்திருக்கும்.

ஆறு மாதமாய் அவனிடம் ஒரு மேடு இருந்தது.
பெயர் வைக்கக் கூடாது என்றான், வைக்கவுமில்லை.
ஆனால் திரையில் அதைக் காட்டும்போதெல்லாம்
குரலைத் தாழ்த்திக்கொள்வான்,
குழந்தை தூங்கும் அறைக்குள் நுழைகிறவன் போல.
எங்களுக்குக் குழந்தை இல்லை.

அன்று இரவு எட்டுக்கு மின்தடை. நான்காம் கட்டம்.
தெரு முழுக்க இருட்டு, யார் வீட்டிலோ ஜெனரேட்டர்.
மடிக்கணினியின் வெளிச்சம் அவன் தாடை வரைதான் எட்டியது.
"போச்சு," என்றான்.
வேறொரு ஜோடி மகள்களுக்குள்
எல்லாரும் எப்போதோ அறிந்த பழைய துகள் ஒன்று
ஒளிந்திருந்ததாம்.
அது இந்தப் பக்கத்து அச்சில்
தன் சாயலை விழுத்தியிருக்கிறது.
"வெறும் எதிரொளிப்பு."

எதிரொளிப்பு.
காலையில் நான் சந்தையில்
கை கொள்ளாமல் அள்ளி வந்தது.
என் இலையில் சோறு போடுவது
அவன் இலையை இழுத்துப் போட்டிருக்கிறது.

சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.
செய்திக்கு முன்னால்
இரு பக்கமும் அறிந்த சின்னச் சொல் ஒன்றைத்தான்
நாங்கள் அனுப்புவது வழக்கம்.
அது எப்படி அடிபட்டு வருகிறதோ
அதை வைத்து வழியின் குணம் தெரியும்.
தெரிந்ததும் சில மில்லிநொடிக்குத்தான் செல்லும்;
யாராவது ஓரடி நகர்ந்தால்
மறுபடி கேட்க வேண்டும்.

"டீ?" என்றேன்.
ஜெனரேட்டர் இரைந்தது.
அவன் நாற்காலியைத் தள்ளி எழுந்து
ஜன்னலோரம் போய் நின்றான்.

"டீ?"

முதுகைக் காட்டியபடி
கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது குரல்:
"சீனி வேண்டாம்."

கேஸைத் திறந்து
தீக்குச்சியைத் தடவித் தேடினேன்.